முன்னாள் ஆக்கியவர் யார்?

இன்றைய தமிழ் உரைநடையில் மிக அதிகமாகப் புழங்கியும் எவராலும் ஐயுறப்படாத அடைமொழி 'முன்னாள்'. முன்னாள் அமைச்சர், முன்னாள் மாணவர், முன்னாள் கணவர், முன்னாள் ஊராட்சி, முன்னாள் நீர்நிலை என்று நாளிதழ்ச் செய்தி தொடங்கி நாவல் மொழிபெயர்ப்பு வரை எங்கும் அதுவே. ஆங்கிலத்தில் ஏழெட்டுச் சொற்கள் பகிர்ந்துகொள்ளும் வேலையை நாம் இந்த ஒற்றைச் சொல்லின் தலையில் கட்டிவிட்டோம். சொல்வளம் குறைகிறதே என்ற வழக்கமான அங்கலாய்ப்பு அல்ல என்னுடையது. 'முன்னாள்' என்ற அடை ஒரு செயலை மறைக்கிறது. மறைப்பதால் சிலருக்கு வசதியாக இருக்கிறது. அந்த வசதிக்கு எழுதுபவர்களாகிய நாமும் உடந்தையாக இருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் ஆங்கிலத்தைப் பார்த்துவிடுவோம். 'ஃபார்மர்' என்ற சொல்லின் வேர், பழைய ஆங்கிலத்தில் 'முதலாவது' என்று பொருள்படும் ஒரு சொல். அதாவது வரிசையில் முன்னே நின்றவர். 'ப்ரீவியஸ்' லத்தீனிலிருந்து வந்தது. வழியில் முன்னே செல்வது என்பது அதன் சொற்பொருள். ஆகவே இப்போதிருப்பவருக்குச் சற்று முன்பு இருந்தவரை மட்டுமே அது குறிக்கும். 'ஃபார்மர்' பலர் இருக்கலாம், 'ப்ரீவியஸ்' ஒருவர்தான். 'எக்ஸ்' என்பது லத்தீனில் 'உள்ளிருந்து வெளியே' என்னும் முன்னிடைச்சொல். ரோமப் பேரரசின் பிற்காலத்தில் கன்சல் பதவி வகித்து இறங்கியவரை அந்தப் பதவியிலிருந்து வந்தவர் என்னும் பொருளில் இப்படிக் குறித்தார்கள். 'எர்ஸ்ட்வைல்' என்பதில் 'எல்லாவற்றுக்கும் முன்' என்ற பொருளுடைய பழஞ்சொல்லும் 'பொழுது' என்ற சொல்லும் சேர்ந்திருக்கின்றன. பிரிட்டனில் சற்றே பாசி படிந்த இச்சொல், இந்திய அரசு அலுவலகங்களில் மட்டும் என்றும் பதினாறாகத் திகழ்கிறது. 'லேட்' இறந்தவருக்கு. 'எமெரிட்டஸ்' பணிக்காலத்தை முடித்து விடைபெற்ற ரோமப் போர்வீரனுக்கு வழங்கிய சொல், இப்போது பேராசிரியர்களுக்கு. 'அலும்னஸ்' என்றால் ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை. அதில் 'முன்னாள்' என்ற பொருளே இல்லை.

இச்சொற்களுக்குள் ஒரு வருணாசிரமம் இருப்பதைக் கவனியுங்கள். அரியணை இழந்த மன்னருக்கு 'எர்ஸ்ட்வைல்'. 1971-இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்ட பிறகும் அந்தச் சொல்லின் பல்லக்கிலிருந்து அவர்கள் இறங்கவில்லை. பேராசிரியருக்கு 'எமெரிட்டஸ்'. அமைச்சருக்கு 'ஃபார்மர்'. சிறை மீண்டவருக்கு 'எக்ஸ்'. விதிவிலக்குகள் உண்டு, படைவீரரையும் இந்தியாவில் 'எக்ஸ்' என்றுதான் அழைக்கிறோம், குடியரசுத் தலைவருக்கும் சில சமயம் அந்த முன்னொட்டு வாய்க்கிறது. ஆனால் மொத்தப் போக்கு இதுதான்: மேலே இருந்து இறங்கியவருக்கு மெத்தையிட்ட சொல், கீழே இருந்து வெளியே வந்தவருக்கு இரண்டெழுத்து முத்திரை. ஆங்கிலத்தின் இந்தச் சாதிப்படிநிலையை நாம் இறக்குமதி செய்யவில்லை என்பது நல்லதுதான். ஆனால் அதற்குப் பதிலாக நாம் செய்தது சமத்துவமும் அன்று. எல்லா வேறுபாடுகளையும் ஒரே பெருக்காகப் பெருக்கி வெளியே தள்ளினோம்.

தமிழ்நாட்டு முதலமைச்சர்களை எடுத்துக்கொள்வோம். ராஜாஜி 1954-இல் பதவி விலகினார். காமராஜர் 1963-இல் கட்சிப் பணிக்காகத் தாமே பதவியைத் துறந்தார். பக்தவத்சலம் 1967 தேர்தலில் மக்களால் தோற்கடிக்கப்பட்டார். அண்ணா 1969-இலும் எம்.ஜி.ஆர். 1987-இலும் ஜெயலலிதா 2016-இலும் முதல்வர்களாகவே இறந்தார்கள். கருணாநிதியின் அரசு 1976-இலும் 1991-இலும், எம்.ஜி.ஆரின் அரசு 1980-இலும் மத்திய அரசால் கலைக்கப்பட்டன. விலகல், துறவு, தோல்வி, மரணம், கலைப்பு: ஐந்து வெவ்வேறு நிகழ்வுகள்; ஐந்துக்கும் பின்னால் ஐந்து வெவ்வேறு அரசியல் வரலாறுகள். நம் செய்தித் தமிழில் அனைவரும் 'முன்னாள் முதல்வர்'. வாழ்நாளின் கடைசி மூச்சுவரை பதவியில் இருந்தவரையும் 'மறைந்த முன்னாள் முதல்வர்' என்று எழுதுகிறோம். மரணம் ஒரு பக்கம் பறித்தது போதாதென்று, அவர் ஒருநாளும் வகித்திராத 'முன்னாள்' பதவியையும் அவருக்கு அளிக்கிறோம். கலைக்கப்பட்ட ஆட்சிக்கும் தோற்ற ஆட்சிக்கும் ஒரே அடை என்றால், கூட்டாட்சி பற்றி நாம் எழுதும் நீண்ட கட்டுரைகளுக்கு என்ன பொருள்?

தமிழில் இதைச் சொல்ல வழியில்லையா? இருக்கிறது, சொற்பட்டியலைவிட ஆழமான இடத்தில், இலக்கணத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபார்மர்' ஒரு பெயரடை. அதை ஒட்டிவிட்டால் போதும். வேறெதற்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. தமிழின் இயல்பு பெயரெச்சம். 'விலகிய', 'துறந்த', 'தோற்ற', 'கலைக்கப்பட்ட', 'மூடிய', 'இருந்த' என்று பெயருக்கு முன்னால் ஒரு வினையைக் கொண்டுவந்து நிறுத்துவது நம் வழக்கம். வினை என்றால் அதற்குள் ஆறு பொருள்கள் அடங்கும் என்று நன்னூல் வகுக்கிறது. யார் செய்தார், எதனால் செய்தார், எங்கே, என்ன செய்கை, எந்தக் காலத்தில், எதன்மீது என்ற ஆறு கேள்விகளுக்கு வினை கடன்பட்டிருக்கிறது. 'முன்னாள்' என்பதோ முன், நாள் என்ற இரண்டும் கூடிய வெறும் காலப்பெயர். ஆறில் ஒன்றுக்கு மட்டும், அதுவும் அரைகுறையாக, விடை சொல்கிறது. எப்போதோ முன்பு, அவ்வளவே. மீதி ஐந்து கேள்விகளையும் அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

இது இலக்கணப் பண்டிதர்களின் கவலை என்று ஒதுக்குபவர்களை மணலியை அடுத்த சடையங்குப்பத்துக்கு அழைத்துப்போக விரும்புகிறேன். கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலை அடையும் முன் பரந்து நிற்கும் தாழ்நிலத்தில் இருக்கிறது அவ்வூர். 2011 வரை அது தனி ஊராட்சி. அந்த ஆண்டு சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் அதனோடு இணைக்கப்பட்டன. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகிய நகராட்சிகளோடு சடையங்குப்பம் ஊராட்சியும் அவற்றில் ஒன்று. அதன்பின் அலுவலக ஆங்கிலத்தில் இத்தகைய உள்ளாட்சிகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்த சொல் 'எர்ஸ்ட்வைல்'. செய்தியாளர் அதைத் தமிழாக்கினால் 'முன்னாள் ஊராட்சி'.

கேட்பதற்கு எவ்வளவு சாந்தமாக இருக்கிறது! ஏதோ ஊராட்சிக்கு வயதாகி, தலை நரைத்து, ஓய்வுபெற்றுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல. நடந்தது என்ன? ஊராட்சி கலைக்கப்பட்டது. கலைந்தபோது கிராம சபை போயிற்று. எழுந்து நின்று கணக்குக் கேட்கவும் தீர்மானம் போடவும் சட்டம் அளித்த ஒரே மன்றம் அது. தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கக்கூடிய ஊராட்சித் தலைவர் போனார். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பொருந்தாது என்பதால், நூறு நாள் வேலை கேட்கும் சட்ட உரிமையும் போயிற்று. பதிலுக்குக் கிடைத்தது மாமன்றத்தில் ஒரு வார்டின் பங்கு. அந்த மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியில். ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தலைவரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரிநீர் கொசஸ்தலையாற்றில் பெருகிவந்து சடையங்குப்பத்தையும் மணலி புதுநகரையும் சூழ்ந்தது இந்த இடைவெளியில்தான். இடுப்பளவு நீரில் நின்ற ஒருவர், தாம் வாக்களித்துத் தேர்ந்த உள்ளாட்சி உறுப்பினர் என்று சுட்டுவதற்கு ஒருவரும் இருக்கவில்லை.

'முன்னாள் சடையங்குப்பம் ஊராட்சி' என்னும் தொடர் இவற்றில் எதையும் சொல்லாது. '2011-இல் அரசு கலைத்து மாநகராட்சியோடு இணைத்த சடையங்குப்பம் ஊராட்சி' என்று எழுதிப் பாருங்கள். தொடர் நீள்கிறதுதான். ஆனால் படித்தவுடன், கலைத்தவர் யார், ஊரைக் கேட்டாரா, இணைத்தபின் என்ன கொடுத்தார் என்ற கேள்விகள் தாமாக எழுகின்றன. இணைப்பு தவறு என்றுகூட நான் வாதிடவில்லை. நகரத்தின் குடிநீரும் வடிகாலும் வேண்டும் என்று விரும்பியவர்கள் இருந்திருப்பார்கள். அது விவாதத்துக்குரிய ஒரு முடிவு. முடிவை முடிவாகக் காட்டாமல் முதுமைபோலக் காட்டுவதுதான் என் புகார்.

இதே பகுதியில் இன்னும் சில 'முன்னாள்'கள். 1965-இல் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 2000-இல் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆயிற்று. எண்ணூர் துறைமுகம் 2014-இல் காமராஜர் துறைமுகம் ஆயிற்று. 'முன்னாள் எண்ணூர் துறைமுகம்' என்றால் துறைமுகம் மூடப்பட்டுவிட்டதாகத்தான் வெளியூர்க்காரர் நினைப்பார். பெயர் மாறிய ஒன்றும் இல்லாமல் போன ஒன்றும் ஒரே அடையைச் சுமக்கின்றன. 'எண்ணூர் துறைமுகம் என வழங்கிய' என்று பெயரெச்சத்தில் சொன்னால் குழப்பமே இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அது நிஜமாகவே இல்லாமல் போனது. ஆனால் இப்பகுதியின் அனல்மின் நிலையங்கள் கழிமுகத்தில் சேர்த்த சாம்பல் இன்னும் 'முன்னாள்' ஆகவில்லை.

நிலத்துக்கு இந்த அடை வரும்போது ஆபத்து உச்சத்தை அடைகிறது. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாப்புக்குரிய நீர்ப்பரப்பாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் புழக்கத்துக்கு வந்த வேறொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே காணாமற்போயிருந்தது என்று 2017-இல் சூழலியல் செயற்பாட்டாளர்களும் மீனவர்களும் குற்றஞ்சாட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பரவியபோது, வலையும் படகும் கறுத்துப்போன காட்டுக்குப்பத்துக்காரர்களுக்கு அந்த நீர்ப்பரப்பு எங்கே இருக்கிறது என்று வரைபடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. இப்போது ஒரு வாக்கியத்தைக் கற்பனை செய்வோம்: 'முன்னாள் உப்பளப் பகுதியில் புதிய கிடங்கு அமைகிறது.' செய்தி முடிந்தது. வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். 'உப்பளமாக இருந்த நிலத்தை மேடாக்கிக் கிடங்கு கட்டுகிறார்கள்.' இங்கே மேடாக்கியவர் ஒருவர் வந்துவிட்டார். மேடானால் மழைநீர் எங்கே போகும் என்ற கேள்வியும் வந்துவிட்டது. ஒருவரைப் பற்றி 'முன்னாள் மீனவர்' என்று எழுதும்போதும் அப்படித்தான். அவராக வலையைச் சுருட்டி வைத்தாரா, மீன் இல்லாத நீர் அவரைக் கரையேற்றியதா? இழப்பீடு யாருக்கு என்ற கேள்விக்கு விடை அந்த வினையில் இருக்கிறது. 'ஃபார்மர்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதினால் உழவரைக் குறிக்கும் சொல்லும் அதுவும் ஒன்றாகிவிடுகின்றன. நிலம் கையகப்பட்ட ஊர்களில் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது.

இது வடசென்னையின் தனிக்கதை அன்று. இந்தியா முழுவதற்குமான பெரிய முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. 1871-இல் பிரிட்டிஷ் அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தை இயற்றிச் சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று அறிவித்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. விடுதலைக்குப்பின், 1952-இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. சட்டம் போனபின் அந்த மக்களை ஆங்கிலத்தில் எப்படி அழைத்தார்கள்? 'எக்ஸ்-க்ரிமினல் ட்ரைப்ஸ்', அதாவது முன்னாள் குற்றப்பரம்பரை. குற்றமே செய்யாதவரை 'முன்னாள் குற்றவாளி' என்பதைவிடக் கொடிய மன்னிப்பு உண்டா? 'நேற்றுவரை நீ குற்றவாளிதான், இன்று விட்டுவிட்டோம்' என்கிறது அந்த முன்னொட்டு. தவறிழைத்தது சட்டம், முன்னொட்டைச் சுமந்தவர்களோ மக்கள். தமிழ்நாட்டில் 'சீர்மரபினர்' என்ற சொல் நிலைபெற்றது இதனோடு ஒப்பிட எவ்வளவோ மேல். அதுவும்கூட, சீராக்கப்பட வேண்டியிருந்தது மரபா சட்டமா என்ற கேள்வியை மிச்சம் வைக்கிறது.

இன்னொன்று. ஹெரால்டு ஐசக்ஸ் என்னும் அமெரிக்கர் 1965-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே இந்தியாவின் 'எக்ஸ்-அன்டச்சபிள்ஸ்' என்பது. அரசமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. ஆகவே தாளில் அந்தச் சொல் சரி. ஆனால் இரட்டைக் குவளை இருக்கும் தேநீர்க்கடையின் முன் நின்று அந்த 'எக்ஸ்' என்ற முன்னொட்டை உரக்கச் சொல்லிப் பாருங்கள். முடியாத ஒன்றை முடிந்ததாக அறிவிப்பதற்கு இவ்வளவு மலிவான கருவி வேறில்லை. கழிமுகம் இருக்கும்போதே அதை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவதும் இதுவும் ஒரே வேலைதான்.

என் வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரக்கூடும். முதலாவது, சிக்கனம். தலைப்பில் நான்கு எழுத்துதான் அடங்கும் என்பார் உதவி ஆசிரியர். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 'மறைந்த', 'விலகிய', 'தோற்ற' ஆகியவையும் மூன்று நான்கு எழுத்துகள்தாம். இடப்பற்றாக்குறை உண்மையான காரணமாக இருந்தால் 'மறைந்த முன்னாள்' என்று இரண்டு சொல் எப்படி நுழைந்தது?

இரண்டாவது, இது தனித்தமிழ் வாதம் என்ற ஐயம். இல்லை. அரபியில் 'கடந்தது' என்று பொருள்படும் சொல், பாரசீகம் வழியாக இந்திய மொழிகளுக்குள் வந்து, தமிழில் 'மாஜி' ஆயிற்று. 'மாஜி மந்திரி' என்ற தொடரில் ஒரு கேலி இருந்தது. பதவிபோன பிறகும் காரில் கொடி தேடும் மனிதரை அது கண்முன் நிறுத்தியது. அதை நீக்கி 'முன்னாள்' என்று போட்டபோது தமிழ் கிடைத்தது, தொனி போயிற்று. அவ்வாறே திருமண அழைப்பிதழில் இறந்த தந்தையின் பெயருக்கு முன் 'லேட்' என்று அச்சிடுகிறோம். 'காலஞ்சென்ற', 'அமரர்' என்று நம்மிடம் இருந்தவற்றுக்கு ஒரு கனிவு உண்டு. இலங்கைத் தமிழர் 'அமரர்' என்பதை இன்னும் விடவில்லை. பள்ளியில் படித்தவர்களின் சங்கத்தையும் அவர்கள் 'பழைய மாணவர் சங்கம்' என்கிறார்கள். 'பழைய' என்பதில் உறவு தொடர்கிறது. 'முன்னாள்' என்பதில் அறுந்துவிடுகிறது. வந்த சொல்லா பிறந்த சொல்லா என்பது எனக்குப் பொருட்டில்லை. சொல் உண்மையைச் சொல்கிறதா என்பதே கேள்வி.

மூன்றாவது மறுப்பு வலுவானது: வினையும் பொய் சொல்லுமே? சொல்லும். சடையங்குப்பத்திலேயே பர்மா நகர் இருக்கிறது. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, அடுத்தடுத்துக் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆக்கப்பட்டபின் அங்கிருந்து கப்பலேறிய தமிழர்களுக்கு அரசுத் தமிழ் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயரிட்டது. அவர்களில் எத்தனையோ பேர் பர்மாவில் பிறந்தவர்கள். பார்த்தே இராத ஊருக்கு ஒருவர் 'திரும்ப' முடியுமா? வினை இங்கே அப்பட்டமாகப் பொய் சொல்கிறது. ஆனால் பாருங்கள், அந்தப் பொய்யை நம்மால் பிடிக்க முடிகிறது. 'திரும்பினாரா, துரத்தப்பட்டாரா' என்று வினையை வினையால் மடக்க முடிகிறது. 'முன்னாள் பர்மாவாசி' என்றிருந்தால் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. பொய் சொல்லும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். வாய் திறவாத சாட்சியை என்ன செய்வது? பர்மா என்ற நாடே 1989-இல் மியான்மர் ஆகிவிட்டது. பர்மா நகர் பர்மா நகராகவே இருக்கிறது. எதை முன்னாள் ஆக்குவது, எதை ஆக்காமல் விடுவது என்பதில் அந்த மக்களுக்கும் ஒரு முடிவு இருக்கிறது போலும்.

இலக்கியம் படிப்பவர்களாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. மொழிபெயர்ப்பு நாவல்களில் 'முன்னாள் மனைவி', 'முன்னாள் காதலன்' என்று படித்துப் படித்து நம் நேரடிக் கதைகளிலும் அது குடியேறிவிட்டது. ஆங்கிலத்தில் 'எக்ஸ்' என்றால் யார் யாரை விட்டார் என்பது அவர்கள் பண்பாட்டில் கேட்கக்கூடாத கேள்வியாக இருக்கலாம். நம் ஊர்ப் பேச்சில் 'தீர்த்துவிட்டான்', 'வேண்டாமென்று வந்துவிட்டாள்', 'அறுத்துக் கட்டினாள்' என்று ஒவ்வொரு முறிவுக்கும் ஒரு வினை இருந்தது. அந்த வினையில்தான் கதையே இருக்கிறது. வினையை எடுத்துவிட்டு 'முன்னாள்' என்று போடும் எழுத்தாளர், தம் கதையின் முதல் பக்கத்தைத் தாமே கிழித்தெறிகிறார்.

'முன்னாள்' என்ற சொல்லைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பதவிக்காலம் முடிந்து, உயிரோடும் நலத்தோடும் வீட்டுக்குப் போனவருக்கு அது பொருத்தமான சொல், அவருக்கே இருக்கட்டும். மற்ற இடங்களில் அதை எழுதக் கை நீளும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். இது தானாக முடிந்ததா, முடிக்கப்பட்டதா? முடித்தவர் யார்? உண்மையிலேயே முடிந்துவிட்டதா? மூன்றுக்கும் விடை தெரிந்தால், அந்த விடையையே பெயரெச்சமாக்கி எழுதிவிடலாம். தமிழ் அதற்கு இடம் கொடுக்கிறது. விடை தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதலாம். இந்தப் பக்கத்துக்கு எழுதும் நண்பர்களும் சிற்றிதழ் ஆசிரியர்களும் அடுத்த கட்டுரையிலிருந்தே இதைத் தொடங்கினால், சடையங்குப்பத்துக்கு ஊராட்சி திரும்பி வந்துவிடாது. அதைக் கலைத்தவர்கள் இருக்கிறார்கள் என்ற செய்தியாவது வாக்கியத்துக்குள் மிஞ்சும்.